பூவின் நிறம் ஆராய்ந்த சேஷாத்திரி

காஞ்சி மாநகருக்குத் தென்மேற்கே வேகவதி ஆற்றங்கரையில் திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் உள்ளது. முன்னாளில் சமணர் மிகுதியாக வாழ்ந்த இடமாதலின் இதனைச் சினகாஞ்சி என்றும் வழங்குவர். இங்குள்ள வர்த்தமானர் கோயிலின் இசை மண்டபத்தை விசயநகர அரசின் அமைச்சராகிய இருகப்பர் 1387ஆம் ஆண்டை ஒட்டி எழுப்புவித்தார். அம்மண்டபத்தின் மேற்கூரையில் தீர்த்தங்கரரின் வரலாறுகளும் கண்ணனின் இளமை நிகழ்ச்சிகளும் பல வண்ணங்களில் தீட்டப்பெற்றுள்ளன. ஊரின் பெயரிலோ பருத்தி அமைந்திருக்கின்றது. அண்மையிலுள்ள காஞ்சியோ பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது.

கூரையில் தீட்டிய செம்மையும் மஞ்சளும் பெரும்பாலும் கல்லும் மண்ணும் தந்தவை. நூலில் ஏறிய செம்மையும் மஞ்சளும் அவ்வாறு வந்தவை அல்ல. வேரும் பட்டையும், இலையும் பூவும், அரக்குப் பூச்சியுமே பழங்காலத்தில் நம் நாட்டு நெசவாளருக்குச் சாயம் அளித்தன. சாயவேரிலிருந்து சிவப்பும், அவுரி இலையிலிருந்து நீலமும், கபிலப் பொடியிலிருந்து பொன்னிறமும் பெற்றனர். எந்தச் செடியை எந்த நீரில் எவ்வளவு நேரம் ஊறவைத்தால் எந்த நிறம் ஏறும் என்பதைச் சாயத் தொழிலாளர் நன்கு அறிந்திருந்தனர். ஆயின், அந்நிறம் எப்பொருளால் ஆயது, அப்பொருளைச் செடி எவ்வாறு ஆக்குகின்றது என்னும் வினாக்களுக்கு அவர்களிடம் விடை இல்லை. காலையில் வெளிர் மஞ்சளாக மலரும் பருத்திப்பூ வாடும்பொழுது சிவந்து போவதை உழவர் யாவரும் அறிவர். அம்மஞ்சள் இன்னது என்பதை அறிந்தவர் ஊரில் ஒருவரும் இலர்.

அதனை முதலில் ஆராய்ந்தவர் ஓர் ஆங்கிலேயர் என்பது வியப்பிற்குரியது. 1856ஆம் ஆண்டில் வில்லியம் பெர்க்கின் என்னும் இளைஞர் இலண்டனில் தற்செயலாகச் செயற்கைச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் பின்னர்ச் செயற்கைச் சாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. மஞ்சிட்டி வேரின் சிவப்பை 1869லேயே ஆய்வாளர் செயற்கையாக ஆக்கிவிட்டனர். 1897இல் செருமானியத் தொழிற்சாலை ஒன்று செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் நம் நாட்டில் அவுரி பயிரிடுவோரின் வாழ்வு சரிந்தது. இவ்வாறு தாவரச் சாயங்களின் காலம் முடியத் தொடங்கிய அதே வேளையில், அப்பெர்க்கினின் மகனாகிய ஆர்தர் ஜார்ஜ் பெர்க்கின் லீட்ஸ் நகரில் இருந்துகொண்டு இந்தியச் சாயவேரையும் கபிலப் பொடியையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து வந்தார். 1899இல் அவர் பருத்திப் பூவிலிருந்து மஞ்சள் நிறப் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார். பருத்தியின் இலத்தீன் பெயரைத் தழுவி அதற்குக் காசிப்பெட்டின் என்று பெயரிட்டனர். நம் வயலில் பூத்த பூவின் நிறத்தை அறிவதற்கு அது கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது.

அந்நிலையை மாற்றியவர்களுள் தலைசிறந்தவர் பேராசிரியர் திருவேங்கட இராசேந்திர சேஷாத்திரி. அவர் 1900ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள், காவிரியின் தென்கரையில் உள்ள குளித்தலையில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் பள்ளி ஆசிரியர். குடும்பத்தில் பிள்ளைகள் ஐவர். ஆசிரியர் ஊதியம் எத்தன்மையது என்பதைக் கூற வேண்டுவதில்லை. திருவரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பள்ளிக் கல்வி பெற்ற சேஷாத்திரி, 1917இல் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து இரசாயனம் பயின்றார். இராமகிருஷ்ண மடத்தினர் பொருளுதவி செய்தமையாலேயே அவருடைய படிப்பு தடையின்றி நடந்தது. பட்டம் பெற்றபின் ஓராண்டு அம்மடத்தின் தொண்டில் ஈடுபட்டு உழைத்தார். எளிய உடையும் எளிய உணவும் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்காதிருந்தமைக்கு அவ்விளமைத் தொடர்பே காரணம் எனலாம்.

பின்னர் மீண்டும் மாநிலக் கல்லூரிக்கு வந்து, பேராசிரியர் பிமன் பிகாரி தே என்பவரின்கீழ் ஆராய்ச்சி மாணவரானார். வங்க நாட்டினராகிய தே, கூமரின் என்னும் பொருளின் இனத்தை ஆராய்ந்து புகழ் பெற்றவர். அறுத்த புல் காயும்பொழுது எழும் இனிய மணத்திற்குக் காரணமாகிய பொருளே கூமரின். செடியிலிருந்து பெறும் பொருள்களின்மீது சேஷாத்திரிக்கு உண்டான பற்று இங்கேதான் வேரூன்றியது. அவருடைய ஆராய்ச்சித் திறனைப் பாராட்டிச் சென்னைப் பல்கலைக் கழகம் பரிசுகள் வழங்கியது.

1927இல் அவர் மேல்நாடு சென்றார். மான்செஸ்டர் பல்கலைக் கழகத்தில் இராபர்ட் இராபின்சன் என்னும் பேரறிஞர் அப்பொழுது விளங்கினார். செடிகள் தம்முள் ஆக்கும் பொருள்களின் அமைப்பை உய்த்துணர்வதிலும், அவற்றைச் சோதனைச் சாலையிலேயே கட்டி எழுப்புவதிலும் அவருக்கு ஒப்பாவார் அந்நாளில் மிகச் சிலரே. 1947இல் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது. பூக்களின் சிவப்பு நீல நிறங்களை அவர் ஆழ்ந்து ஆராய்ந்தவர். அவரிடம் மலேரியாக் காய்ச்சலுக்குரிய மருந்துகளைப் பற்றி ஆராய்ந்து 1929இல் சேஷாத்திரி டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றதும் தாயகம் திரும்புதலே பலரின் வழக்கம். சேஷாத்திரி அவ்வாறு செய்யவில்லை. ஆஸ்திரியாவிலுள்ள கிராட்சு நகருக்குச் சென்று, பிரெகல் என்பவரிடம் சில மாதம் பயின்றார். இதன் சிறப்பைச் சிறிது விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். ஒரு பொருளில் கரியும் ஹைட்ரஜனும் எவ்வளவு இருக்கின்றன என்று அறிய, அதனை எரித்து அதிலிருந்து வரும் கரியமில வாயுவையும் நீரையும் நிறுத்துப் பார்ப்பர். பழைய முறையில் இதற்கு ஒரு கிராமில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பொருள் தேவைப்பட்டது. செடியிலிருந்து அரிதின் முயன்று பெற்றதே அவ்வளவுதான் என்றால், ஒரு முறை எரித்தவுடன் கைப்பொருள் முழுதும் தீர்ந்துவிடும். பிரெகல் நுண்ணிய தராசையும் சிறிய குழாய்களையும் கொண்டு மூன்று நான்கு மில்லிகிராம் பொருளிலேயே இதனைச் செய்து காட்டி, 1923இல் நோபெல் பரிசு பெற்றார். அப்பரிசுக்குரிய வித்தையை அவரிடமே சென்று கற்றுக்கொண்டமை சேஷாத்திரியின் முன்னோக்குக்குச் சான்றாகும். பெரிய பொருட்செலவுக்கு இடமில்லாத நாட்டிற்குத் திரும்பப் போகிறவர்க்குச் சிறிய அளவில் வேலை செய்யும் முறையைவிடப் பயனுடையது வேறில்லை.

அங்கிருந்து எடின்பரோவுக்குச் சென்று பார்ஜர் என்னும் பேராசிரியருடன் பணியாற்றினார். தென்னாப்பிரிக்காவில் கால்நடைகளுக்கு நஞ்சாக இருந்த ஒரு செடியினத்தின் பொருளை இருவரும் ஆராய்ந்தனர். 1930இல் சேஷாத்திரி தாயகம் திரும்பினார். சிறிது காலம் சென்னைப் பல்கலைக் கழகத்திலும், பின்னர்க் கோயம்புத்தூர் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலும் பணி புரிந்தார். 1933இல் வால்ட்டேரிலுள்ள ஆந்திரப் பல்கலைக் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. தத்துவ அறிஞர் இராதாகிருஷ்ணன் அப்பொழுது அதன் துணைவேந்தராக இருந்தார்.

ஆந்திரப் பல்கலைக் கழகம் 1926இல் தோன்றியது. வால்ட்டேருக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கடலை நோக்கிய மேட்டு நிலத்திற் புதிய கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. மான்செஸ்டரையும் கிராட்சையும் கண்டு வந்தவருக்கு அங்கே நிறைந்த நூலகமும் இல்லை. போதிய கருவிகளும் இல்லை. மருந்துப் பொருள்கள் பலவற்றை ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவழைக்க வேண்டியிருந்தது. இத்தகைய இடத்தில் இருந்துகொண்டு மேல்நாட்டார்க்கு நிகராக ஆராய இயலுமா? ஆராய்ச்சியைக் கைவிட்டுப் பாடஞ் சொல்லுவதோடு அமைதல் வேண்டுமா? இவ்வினா அந்நாளில் இந்திய விஞ்ஞானிகள் பலரின் முன்னும் நின்ற வினா. சேஷாத்திரி அதற்கு விடையாக ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தார். விலை கொடுத்து வாங்க வேண்டாததும், நாட்டில் எங்கும் கிடைப்பதும், மேல்நாட்டாருக்கு எளிதிற் கிட்டாததுமாகிய ஒன்றை ஆராய்ந்தால் இடக்குறையே வலிமையாக மாறும் அன்றோ? நம் நாட்டுச் செடிகளே அப்பொருள். அவற்றுள்ளும் அவர் முதலில் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று பருத்திப் பூ.

நீலகண்டம் என்னும் மாணவரோடு சேர்ந்து அவர் பலவகைப் பருத்தியின் பூக்களையும் வரவழைத்து ஆராய்ந்தார். இவ்வேலையின் தன்மையை மாணவர் மனக்கண்ணிற் காணுதல் நலம். பூவிதழ்களை உலர்த்துதல் வேண்டும். சூடான ஆல்கஹாலில் ஊறவைத்து நிறத்தை வடித்தெடுத்தல் வேண்டும். அவ்வடிநீரைக் காய்ச்சிச் சுருக்கிக் குளிரவைத்தபின் காத்திருத்தல் வேண்டும். சில வேளைகளில் மறுநாளே மஞ்சள் ஊசிகளைப்போலப் படிகங்கள் தோன்றும். சில வேளைகளில் வாரக்கணக்கிற் காத்திருந்தாலும் பழுப்பு நிறக் கூழன்றி வேறொன்றும் தோன்றாது. படிகம் தோன்றிய பின்னரும் அதனை மீண்டும் மீண்டும் கரைத்துப் படியவைத்துத் தூய்மை செய்தல் வேண்டும். உருகும் வெப்பநிலை மாறாது நிற்கும் வரையில் இவ்வேலை ஓயாது. மூட்டை மூட்டையாகப் பூவைக் கொட்டினால் இறுதியிற் கைக்கு வருவது ஒரு சிறு சீசா.

செடியில் இந்நிறப்பொருள் பெரும்பாலும் தனியே இருப்பதில்லை. சர்க்கரையோடு இணைந்தே இருக்கின்றது. காசிப்பெட்டினில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கைகள் ஆறு உண்டு. அவ்வாறனுள் எந்தக் கையில் சர்க்கரை பற்றியிருக்கின்றது என்பதைக் கண்டறிதலே கடினம். அதற்குரிய முறை மிக நுட்பமானது. ஆறு வாயில்கள் உள்ள ஒரு வீட்டில் ஒரு வாயிலை ஒருவர் மறைத்து நிற்கின்றார் என்று கொள்வோம். மற்ற ஐந்து வாயில்களுக்கும் அரக்கு முத்திரை வைத்துவிட்டு, பின்னர் அவரை அகலச் செய்தால், முத்திரை இல்லாத வாயில் எதுவோ அதுவே அவர் நின்ற இடம். இரசாயனத்தில் மெதில் என்னும் சிறு தொகுதியே அம்முத்திரை. இம்முறையால் சர்க்கரை ஓரிடத்தில் நிற்பது காசிப்பிட்ரின் என்றும், வேறோரிடத்தில் நிற்பது காசிப்பின் என்றும் வேறு பிரித்து அறிந்தனர். பருத்திக்கு உறவாகிய, மஞ்சட் பூப் பூக்கும் ஒரு காட்டுச் செடியிலும் இக்காசிப்பின் கிடைத்தது.

இவ்வளவும் பிரித்தறிதலே. சேஷாத்திரியின் உள்ளம் அதனோடு நிறைவு பெறவில்லை. பருத்திப் பூவின் மஞ்சளும், வெங்காயத் தோலின் மஞ்சளும், நாரத்தை ஆரஞ்சு முதலியவற்றின் தோலிலுள்ள பொருள்களும், இன்னும் எண்ணற்ற பூக்களின் நிறங்களும் அடிப்படையில் ஒரே கட்டுக்கோப்பு உடையவை. ஒவ்வொன்றிலும் பதினைந்து கரி அணுக்கள்; ஆறு அணு கொண்ட வளையங்கள் இரண்டு; அவற்றை இணைக்கும் மூன்று அணுக்கள். இவற்றை ஃபிளேவோன் இனம் என்பர். வெங்காயத் தோலிலுள்ள குவெர்செட்டினுக்குக் கைகள் ஐந்து. பருத்திப் பூவின் காசிப்பெட்டினுக்குக் கைகள் ஆறு. மற்ற ஐந்தும் இரண்டிலும் ஒரே இடத்தில் அமைந்துள்ளன. இது தற்செயலா? செடியானது ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே முதலிலிருந்து ஆக்குகின்றதா? அல்லது ஒன்றை ஆக்கிய பின்னர் அதிலிருந்து மற்றொன்றைச் சிறு மாற்றத்தால் பெறுகின்றதா?

பின்னதே உண்மையாதல் வேண்டும் என்று அவர் கருதினார். கருதியதோடு நில்லாமல் அதனைக் கண்ணாடிக் குடுவையிற் செய்து காட்டவும் முற்பட்டார். 1893இல் எல்ப்ஸ் என்னும் செருமானியர் கண்ட ஒரு முறை இருந்தது. காரம் கலந்த நீரில் பொட்டாசியம் பெர்சல்பேட்டு என்னும் உப்பைச் சேர்த்தால், சில பொருள்களின் வளையத்தில் ஏற்கனவே உள்ள கைக்கு நேர் எதிரில் மற்றொரு கை முளைக்கும். எளிய உப்பு, சூடேற்றவும் வேண்டுவதில்லை, விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இதனைச் சேஷாத்திரியும் மாணவர்களும் ஃபிளேவோன் இனத்தின்மீது செலுத்தினர். எதிர்பார்த்த இடத்திற் புதிய கை தோன்றியது. கை குறைந்த பொருளிலிருந்து கை மிகுந்த பொருளைப் பெறும் வழி திறந்தது. பருத்திப் பூவின் நிறத்திற்கும் மற்றப் பூக்களின் எளிய நிறங்களுக்கும் உள்ள உறவு இவ்வாறு குடுவையிலேயே விளங்கியது. ஆக்ஸிஜன் ஏற்றுதலும் நீக்குதலும், மெதில் தொகுதியைச் சேர்த்தலும் ஆகிய சிறு படிகளால் இயற்கை ஒரு பொருளிலிருந்து ஒரு குடும்பத்தையே பெருக்குகின்றது என்னும் கொள்கையை அவர் பல கட்டுரைகளில் நிறுவினார். அப்படிகளுள் சிலவற்றைச் செடி எவ்வாறு நிகழ்த்துகின்றது என்பதில் பிற்காலத்தார் திருத்தங்கள் செய்தனர். நொதிகளைத் தனியே பிரித்து ஆராயும் முறைகள் வளர்ந்தபின்னரே அவற்றின் முழு விவரம் தெரிந்தது. ஆயினும், அடிப்படைக் கட்டுக்கோப்பு முதலில் உருவாகிப் பின்னர்ப் படிப்படியாக மாறுகின்றது என்னும் கருத்து நிலைபெற்றது.

இடையே போர் வந்தது. 1942 ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்தின்மீது சப்பானிய விமானங்கள் குண்டு வீசின. நகர மக்கள் அஞ்சி வெளியேறினர். பல்கலைக் கழகக் கட்டடங்களைப் படையினர் மேற்கொண்டனர். கழகம் தற்காலிகமாகக் குண்டூருக்குச் செல்ல நேர்ந்தது. அரும்பாடுபட்டு நிறுவிய சோதனைச் சாலையைக் கலைத்துப் பெட்டிகளில் அடைத்து, வேறோர் ஊரில் மீண்டும் அமைப்பது எளிய செயலன்று. வெளிநாட்டு மருந்துப் பொருள்களின் வரவும் போரினால் அருகியது. எனினும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வருவது நிற்கவில்லை. அவற்றிற் பெரும்பாலானவை, சர் சி. வி. இராமன் 1934இல் தோற்றுவித்த இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் அச்சாயின. வெளிநாட்டு இதழ்களில் மட்டுமே வெளிவரல் வேண்டும் என்னும் எண்ணம் சேஷாத்திரிக்கு இருந்ததில்லை.

அவருடைய ஆராய்ச்சி பருத்தியோடு நின்றுவிடவில்லை. புங்க விதையின் எண்ணெயையும், மீன்களை மயக்கிப் பிடிக்கக் கிராமத்தார் குளங்களிற் கரைக்கும் செடிகளையும் ஆராய்ந்தார். அந்நஞ்சுகள் பயிர்ப் பூச்சிகளைக் கொல்லுதற்குப் பயன்படுமா என்பதனையும் நோக்கினார். சமையலில் மணத்திற்காகச் சேர்க்கும் கல்பாசியை அறியாதார் இல்லை. அது பாசியும் அன்று, கல்லும் அன்று. காளானும் பாசியும் கூடி ஓருயிர்போல வாழும் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்தின் வகைகள் பலவற்றை நாடெங்கிலுமிருந்து வரவழைத்து, அவற்றில் மட்டுமே காணப்பெறும் அமிலங்களைச் சேஷாத்திரி பிரித்தறிந்தார். வால்ட்டேர் பகுதியில் மரப்பட்டைகளில் தொங்கும் ஒருவகையும் அவற்றுள் ஒன்று. அதன் இனத்திலிருந்து மேல்நாட்டார் பண்டை நாளில் ஊதாச் சாயம் எடுத்து வந்தனர். காலின்கீழ் மிதிபடும் பொருளையும் அடுப்பங்கரைப் பொருளையும் ஆராய்ச்சிக்கு உரியதாகக் கண்டமை அவருடைய தனிச் சிறப்பு.

1949இல் தில்லிப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகிய சர் மாரிஸ் குவையர் அழைத்ததன் பேரில் சேஷாத்திரி தில்லிக்குச் சென்று இரசாயனத் துறைக்குத் தலைமை ஏற்றார். மீண்டும் ஒரு துறையை வளர்க்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும், வட மாநிலங்களிலிருந்தும் மாணவர் அவரைத் தேடி வந்தனர். அவர்தம் வழிகாட்டலில் 160 பேருக்கு மேல் டாக்டர் பட்டம் பெற்றனர் என்பர். அவர் பெயரில் வெளிவந்த கட்டுரைகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. எண்ணிக்கை மட்டும் பெருமை ஆகாது. அக்கட்டுரைகளுட் பல, ஒரு செடியின் ஒரு பொருளைப் பற்றிய சிறு குறிப்புகளே. ஆயினும், நம் நாட்டுச் செடிகளைப் பற்றிய அத்தகைய குறிப்புகள் ஆயிரம் ஒரே இடத்திலிருந்து முறையாக வெளிவந்தமையால், பிறர் ஆராயத் தொடங்கும்பொழுது இருட்டில் தடவ வேண்டிய நிலை நீங்கியது. இயற்கைப் பொருள் இரசாயனத்திற்குரிய உயர் ஆராய்ச்சி நிலையமாகத் தில்லித் துறை பின்னர் வளர்ந்தது.

1960இல் இலண்டன் இராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1963இல் இந்திய அரசு பத்ம பூஷண் விருதளித்தது. 1967இல் ஐதராபாதிற் கூடிய இந்திய விஞ்ஞான மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கினார். செருமனியின் ஹால்லே நகரிலுள்ள தொன்மையான விஞ்ஞானக் கழகமும் அவரை உறுப்பினராக ஏற்றது.

பூவின் நிறத்தைப் பற்றிய செய்தி சேஷாத்திரியோடு முடிந்துவிடவில்லை. ஒரு நிறப்பொருளின் அமைப்பை முழுதும் அறிந்தபின்னும் ஒரு புதிர் எஞ்சி நின்றது. பூவிலிருந்து பிரித்தெடுத்த நீலம் குடுவையில் மங்கிச் செந்நிறமாகவோ நிறமற்றதாகவோ போய்விடுவது உண்டு. பூவில் மட்டும் அது நீலமாகவே திகழ்கின்றது. இராபின்சனும் அவருடைய துணைவியாரும் 1931இல் இதற்குக் காரணம் கூறினர். பூவின் நிறமூலக்கூறுக்கு அருகில் நிறமற்ற அல்லது வெளிர் மஞ்சளான வேறு மூலக்கூறு துணை நிற்கும்பொழுது நிறம் ஆழ்ந்து நீலமாகின்றது என்றனர். சேஷாத்திரி ஆராய்ந்த ஃபிளேவோன் இனத்தைச் சேர்ந்தவையே அத்துணைகளுட் பல. நம் வயல் வரப்புகளில் நீலப் பூப் பூக்கும் கானாவாழைக்கு நெருங்கிய உறவான ஒரு செடியைச் சப்பானிய அறிஞர்கள் ஆராய்ந்து, 1992இல் அப்பூவின் நீலம் ஒரு மூலக்கூறு அன்று என்று காட்டினர். சிவப்பு நீல இனத்து மூலக்கூறுகள் ஆறும், ஃபிளேவோன் இனத்து மூலக்கூறுகள் ஆறும், மக்னீசிய அணுக்கள் இரண்டைச் சூழ்ந்து, ஒன்றோடொன்று பிணைப்பின்றிப் பொருந்தி நின்று அந்நீலத்தைத் தருகின்றன. தனித்தனி மூலக்கூறுகள் இவ்வாறு ஒன்றையொன்று தழுவிக் கூட்டாக இயங்கும் தன்மையை ஆராயும் இரசாயனம் இன்று ஒரு பெருந்துறையாக வளர்ந்துள்ளது. கூட்டத்தை அறிவதற்கு அதில் நிற்பவர் இன்னார் இன்னார் என்று முதலில் தெரிந்திருத்தல் வேண்டும். அவ்வடையாளம் காணும் பணியிலேயே சேஷாத்திரியின் தலைமுறை தன் உழைப்பைச் செலவிட்டது.

1965இல் சேஷாத்திரி பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். பல்கலைக் கழகம் அவரைச் சிறப்புப் பேராசிரியராக ஏற்றமையால் ஆராய்ச்சிப் பணி தொடர்ந்தது. இரசாயனத்தின் முறைகளே அக்காலத்தில் மாறத் தொடங்கியிருந்தன. பொருளை உடைத்துப் பார்த்து அதன் அமைப்பை அறியும் பழைய வழிக்குப் பதிலாக, காந்தப் புலத்தில் வைத்து ஒரு படத்தாள் பதிந்து அமைப்பை அறியும் கருவிகள் வந்தன. மாதக்கணக்கான உழைப்பு மணிக்கணக்கிற் சுருங்கியது. பழைய முறையில் வல்லவராகிய முதியோர் சிலர்க்கு இது விருப்பமாக இருந்திராது. சேஷாத்திரியின் பிற்காலக் கட்டுரைகளிலோ அக்கருவிகள் அளித்த சான்றுகளும் பழைய முறையின் சான்றுகளும் அருகருகே இடம் பெற்றுள்ளன.

எழுபது வயதைக் கடந்த நிலையில் அவர் கையிலெடுத்த பொருள்களுள் ஒன்று செஞ்சந்தனம். ஆந்திர நாட்டின் சேஷாசல மலைப் பகுதியிலும் அதனை அடுத்த காடுகளிலும் வளரும் இம்மரத்தின் வயிரம் ஆழ்ந்த சிவப்பு நிறமுடையது. நீரில் அந்நிறம் இறங்காது, ஆல்கஹாலில் இறங்கும். பட்டிற்கும் கம்பளிக்கும் சாயமாக அதனைப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தனர். அந்நிறத்திற்குரிய சந்தாலின் என்னும் பொருள், சேஷாத்திரி அதுகாறும் கண்ட பொருள்கள் பலவற்றினும் சிக்கலானது. பதினைந்து கரி அணுக்கள் கொண்ட கட்டுக்கோப்புகள் இரண்டு ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தாற்போன்ற அமைப்பு. 1970களின் தொடக்கத்தில் அவரும் மாணவரும் அதன் அமைப்பைப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டனர். 1975ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர்கள் அவ்வமைப்பை மேலும் செம்மையாகத் தெளிவுபடுத்திக் கட்டுரை வெளியிட்டனர். அதே ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27ஆம் நாள் சேஷாத்திரி காலமானார். செஞ்சந்தனத்தின் அச்சிவப்பைச் சோதனைச் சாலையிலேயே கட்டி எழுப்பும் முயற்சி, அதன்பின் முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2013இல் செருமனியிலுள்ள மியூனிக் நகரில் நிறைவேறியது.